பள்ளி மூடிய காலத்தில் இல்லக் கல்வியும் மாணவரின் மொழிப் பின்புலமும்: மாயாபந்தரை முன்வைத்து ஒரு விளக்கம்

0. முன்னுரை

கோவிட்-19 பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச்சு மாதத்தில் இந்தியா முழுவதும் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரலில் உலகெங்கும் 150 கோடிக்கு மேற்பட்ட மாணவர்கள் பள்ளிக்குச் செல்ல இயலாத நிலையில் இருந்தனர் என யுனெஸ்கோ நிறுவனம் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் மீண்டும் தொடங்கின. வகுப்பறையில் நிகழவேண்டிய கற்றல் அதுவரையில் இல்லத்தில் நிகழவேண்டியதாயிற்று.

அக்காலத்துக் கற்றலைப் பற்றி எழுந்த ஆய்வுகளுள் பெரும்பாலானவை கருவி, வருவாய், பெற்றோர் கல்வி ஆகிய மூன்றனையும் மாணவரின் பின்புலக் கூறுகளாகக் கொண்டன. நான்காவதாகிய மொழி, இவற்றுள் ஏதேனும் ஒன்றில் அடங்கிவிடும் என்னும் எண்ணத்தால், தனியே நோக்கப்படுவது குறைவாகவே இருந்தது. இக்கட்டுரை அந்நான்காம் கூறினை, பல மொழியினர் கலந்து வாழும் மாயாபந்தரைக் களமாகக் கொண்டு விளக்க முற்படுகிறது. பள்ளியில் ஆசிரியர் நாள்தோறும் ஆற்றும் மொழிபெயர்ப்புப் பணி, பள்ளி மூடப்பட்டதும் இல்லத்தின்மேல் விழுகிறது. அதனை ஏற்கும் ஆற்றல் எல்லா இல்லங்களுக்கும் ஒரே அளவினதாக இல்லை. அச்சுமையைக் குறைக்கும் வழி பாடம் எழுதுவோர், மொழிபெயர்ப்போர் ஆகியோர் கையில் பெரிதும் உள்ளது. இவை மூன்றும் இக்கட்டுரை நிலைநாட்ட விழையும் கருத்துகளாகும்.

1. களமும் மொழிச் சூழலும்

1.1 மாயாபந்தர் நடு அந்தமான் தீவின் வடபகுதியில் அமைந்த துறைமுக ஊர். 2006ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட வடக்கு, நடு அந்தமான் மாவட்டத்தின் தலைமையிடம் இதுவே. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி 1990 முதல் இங்கு இயங்கி வருகிறது.

இவ்வூரையும் இதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் உருவாக்கியவர்கள் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்தோர் ஆவர். 1925ஆம் ஆண்டில் பர்மாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கரேன் மக்கள் வெபி என்னும் சிற்றூரை அமைத்தனர். சோட்டா நாகபுரிப் பகுதியிலிருந்து காட்டு வேலைக்கு அழைத்துவரப்பட்டோர் ராஞ்சியர் எனப் பொதுப்பெயர் பெற்றனர். அவர்களுள் ஒரு பகுதியினரின் முன்னோர் மொழியாகிய குருக், தமிழைப் போலவே திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது மொழியியலார் அறிந்ததே. நாட்டுப் பிரிவினைக்குப் பின், 1949 முதல், கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் தீவுகளில் குடியமர்த்தப்பட்டன. தமிழர், தெலுங்கர், மலையாளிகள் ஆகியோர் பெரும்பாலும் தொழிலும் பிழைப்பும் நாடிக் கடல் கடந்தவர்கள்.

1.2 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒன்றியப் பகுதி முழுவதிலும் வங்காளத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர். இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13 விழுக்காட்டினர். எனவே பெரும்பான்மை மொழி என்று ஒன்றைச் சுட்ட இயலாது. கடைவீதி, படகுத்துறை, அலுவலகம், விளையாட்டிடம் ஆகிய எல்லா இடங்களிலும் இணைப்பு மொழியாக வழங்குவது இந்தி. அதுவும் நூல்களில் காணும் இந்தி அன்று. பால் வேறுபாடு தளர்ந்து, பல மொழிச் சொற்கள் கலந்து, தீவுகளிலேயே உருப்பெற்ற பேச்சு வழக்கு.

பள்ளிகளில் இந்தி, ஆங்கிலம், வங்காளம், தமிழ், தெலுங்கு ஆகியன பயிற்றுமொழிகளாக இருந்து வருகின்றன. பாடத்திட்டமும் பொதுத்தேர்வும் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தைச் சார்ந்தவை. ஆகவே ஒரே தெருவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் குழந்தைகளுள் ஒருவர் தமிழ்வழியிலும் மற்றொருவர் இந்திவழியிலும் வேறொருவர் ஆங்கிலவழியிலும் பயிலும் வாய்ப்பு உண்டு. வீட்டு மொழி, தெரு மொழி, பாட மொழி ஆகிய மூன்றும் ஒன்றாக அமையாமை இங்கு விதிவிலக்கன்று, இயல்பு.

1.3 பள்ளிகள் மூடப்பட்டபோது தீவுகளின் இணையத் தொடர்பு செயற்கைக்கோளையே பெரிதும் சார்ந்திருந்தது. சென்னையையும் போர்ட் பிளேரையும் இணைத்த, ஏறத்தாழ 2300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டு 10 அன்றுதான் தொடங்கிவைக்கப்பட்டது. அவ்வடம் கரையேறும் இடங்களுள் ரங்கத் உண்டு, மாயாபந்தர் இல்லை. எனவே மூடலின் முதல் மாதங்களில், காணொளி வழிக் கற்பித்தலைக் காட்டிலும், கையில் உள்ள பாடநூலும் ஆசிரியர் அனுப்பும் எழுத்து வடிவப் பணியுமே இத்தகைய ஊர்களுக்குப் பொருந்தக்கூடியனவாக இருந்தன. எழுத்தின் மேல் சுமை கூடக்கூட, அவ்வெழுத்தினை வீட்டில் யார் படித்துப் பொருள் சொல்வது என்னும் வினாவும் முன்னிற்கிறது.

2. பின்புலம் என்னும் கருத்து

2.1 கருவி. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று (2017-18), ஊரகக் குடும்பங்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டிற்கே இணைய வசதி இருந்தது எனக் காட்டியது. ஏசர் எனப்படும் ஆண்டுக் கல்வி நிலை அறிக்கை 2020 செப்டம்பரில் தொலைபேசி வழியாக ஊரகக் குடும்பங்களிடம் நடத்திய ஆய்வில், பள்ளி மாணவருள் 61.8 விழுக்காட்டினரின் வீட்டில் திறன்பேசி இருந்தமை தெரியவந்தது. 2018இல் இது 36.5 விழுக்காடாக இருந்தது. ஆயினும் அவ்வாய்வு நிகழ்ந்த வாரத்தில் பள்ளியிலிருந்து ஏதேனும் ஒரு கற்றல் பொருளைப் பெற்றவர்கள் மூன்றில் ஒரு பங்கினரை ஒட்டியே இருந்தனர். கருவி இருத்தலும் கற்றல் நிகழ்தலும் ஒன்றல்ல என்பது இதனால் பெறப்படும்.

2.2 பெற்றோர் கல்வி. தாய் தந்தை இருவருமே ஐந்தாம் வகுப்போ அதற்குக் கீழோ படித்த குடும்பங்களில் ஏறத்தாழ 55 விழுக்காட்டுக் குழந்தைகளும், இருவரும் ஒன்பதாம் வகுப்பையேனும் முடித்த குடும்பங்களில் ஏறத்தாழ 89 விழுக்காட்டுக் குழந்தைகளும் வீட்டில் படிப்புக்கு உதவி பெற்றனர் என அதே அறிக்கை கூறுகிறது. இவ்வேறுபாடு கவலைக்குரியது. எனினும், கல்வி குறைந்த பெற்றோருள்ளும் பாதிக்கு மேற்பட்ட இல்லங்களில் யாரேனும் ஒருவர் உதவ முன்வந்தார் என்பதும், அவ்வாறு முன்வந்தவர்களுள் மூத்த உடன்பிறந்தார் சிறப்பிடம் பெற்றனர் என்பதும் சேர்த்து நோக்கத்தக்கன. உதவும் விருப்பம் இல்லங்களில் இருந்தது. உதவும் வழிதான் பலருக்கு அடைபட்டிருந்தது.

2.3 மொழி. இல்லத்து மொழிப் பழக்கமும் பள்ளி வெற்றியும் கொண்டுள்ள தொடர்பு மொழியியலுக்குப் புதிதன்று. பேசில் பெர்ன்ஸ்டைன் இங்கிலாந்துச் சமூக வகுப்புகளின் பேச்சை விரிநிலை, குறுநிலை எனப் பாகுபடுத்தினார். அப்பாகுபாடு ஏழையர் மொழியைக் குறையுடையதாகக் கருத இடந்தருகிறது என்னும் திறனாய்வு விரைவிலேயே எழுந்தது. வில்லியம் லபோவ் 1969இல் எழுதிய கட்டுரை, தரமற்றது எனப்படும் வழக்கிலும் செம்மையான தருக்கம் இயங்குவதை எடுத்துக்காட்டிற்று. ஷெர்லி பிரைஸ் ஹீத் 1983இல் வெளியிட்ட நூலில், அமெரிக்கத் தென்பகுதியின் இரு உழைப்பாளர் குடியிருப்புகளில் குழந்தைகள் கதையும் வினாவும் எழுத்தும் பயிலும் முறைகள் பள்ளியின் முறையோடு எவ்வாறு மாறுபட்டன என்பதை விளக்கினார். இவற்றிலிருந்து நாம் கொள்ளவேண்டுவது ஒன்று: குறை எனத் தோன்றுவது இல்லத்தின் மொழியில் இல்லை; இல்லத்தின் மொழிக்கும் பள்ளியின் மொழிக்கும் இடையிலுள்ள தொலைவில் உள்ளது.

அத்தொலைவு மாயாபந்தர்த் தமிழ் மாணவருக்கு இருவகைப்பட்டது. ஒன்று, தமிழுக்குள்ளேயே பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தொலைவு. பெர்குசன் 1959இல் விளக்கிய இரட்டை வழக்கிற்குத் தமிழ் தக்கதோர் எடுத்துக்காட்டு. மற்றொன்று, தமிழுக்கும் வேறு பயிற்றுமொழிக்கும் உள்ள தொலைவு.

3. ஆசிரியர் ஆற்றும் மொழிபெயர்ப்பு

வகுப்பறையில் ஆசிரியர் பாடநூலை அப்படியே படித்துச் செல்வதில்லை. ஒரு தொடரைப் படிக்கிறார். அதனைப் பேச்சு வழக்கில் திருப்பிச் சொல்கிறார். ஒரு கலைச்சொல்லை நிறுத்தி, வீட்டுப் பொருள் ஒன்றனோடு ஒப்பிடுகிறார். மாணவர் முகத்தில் தெளிவு தோன்றாவிடின் வேறொரு மொழியில் ஒரு சொல்லைச் சொல்லிப் பார்க்கிறார். பல மொழி மாணவர் ஒன்றாக அமரும் வகுப்பில் இது இன்னும் மிகுதி. வங்காளக் குழந்தைக்கும் தமிழ்க் குழந்தைக்கும் ஒரே பொருளை விளக்கத் தீவு இந்தி அவருக்குக் கைகொடுக்கிறது.

மொழிபெயர்ப்பியல் நோக்கில் இது ஒரு மொழிக்குள் நிகழும் பெயர்ப்பும் இரு மொழிகளுக்கிடையே நிகழும் பெயர்ப்பும் கலந்த வினையாகும். தமிழ் மரபில் இதற்கு முன்மாதிரி உண்டு. மூல நூலுக்குப் பதவுரையும் பொழிப்புரையும் விளக்கமும் எழுதிய உரையாசிரியர்கள், எழுத்தில் செய்ததனையே வகுப்பாசிரியர் வாய்மொழியாகச் செய்கிறார். வேறுபாடு யாதெனில், உரையாசிரியரின் பணி ஏட்டில் நிலைத்தது. வகுப்பாசிரியரின் பணி மணி அடித்ததும் மறைகிறது. அது எங்கும் பதிவாகாமையால் பாடநூல் எழுதுவோர் அதனைக் கணக்கில் கொள்வதில்லை. பாடநூல் தனித்து நிற்கும் என்று எண்ணி அது வீட்டுக்கு அனுப்பப்படும்போது, உரை நீங்கிய மூலமே வீடு சென்று சேர்கிறது.

4. பணித்தாளின் மொழி

உரை நீங்கிய மூலம் வீட்டில் எவ்வாறு படிக்கப்படும் என்பதைக் காண, தமிழ்ப் பணித்தாள்களில் பொதுவாக இடம்பெறும் மொழிக்கூறுகளை நான்கு நிலைகளில் நோக்கலாம்.

4.1 ஏவல் வடிவங்கள். எழுதுக, பொருத்துக, நிரப்புக, சுருக்குக, நிறுவுக, காண்க என வரும் கட்டளைகள் வியங்கோள் வடிவின. பேச்சுத் தமிழில் இவ்வடிவம் வழங்குவதில்லை. 'எழுது', 'எழுதுங்க' என்பனவே உண்டு. வடிவத்தைவிடப் பொருளே மிகுந்த இடர்ப்பாடு தருகிறது. 'பொருத்து' என்றால் வீட்டில் குழாயையோ விளக்கையோ பொருத்துதல். பணித்தாளில் இரு வரிசைகளை இணைத்தல். 'நிறுவு' என்றால் சிலை முதலியவற்றை நாட்டுதல், கணிதத்தில் மெய்ப்பித்தல். 'சுருக்கு' என்பது கயிற்றில் இடும் முடிச்சு. கணிதத்தில் கோவையை எளிய வடிவிற்குக் கொணர்தல். 'காண்க' என்பதைப் 'பார்' எனப் பொருள்கொண்டு, கணக்கைப் பார்த்துவிட்டு அமரும் குழந்தை தவறு செய்ததாகச் சொல்ல இயலாது.

4.2 தொடரமைப்பு. பின்வரும் இரண்டனையும் ஒப்பிடுக.

(அ) கீழே கொடுக்கப்பட்டுள்ள படத்தை உற்றுநோக்கி, அதனடியில் தரப்பட்டுள்ள வினாக்களுக்கு ஓரிரு சொற்களில் விடையளிக்க.

(ஆ) கீழே ஒரு படம் இருக்கிறது. அதை நன்றாகப் பார். படத்தின் கீழே நான்கு கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு வார்த்தையில் பதில் எழுது.

முதலாவதில் இரு செயப்பாட்டுப் பெயரெச்சங்கள், ஒரு வினையெச்சம், ஒரு வியங்கோள் ஆகியன ஒரே தொடரில் அடுக்கப்பட்டுள்ளன. நடுவே வரும் ஒரு சொல் புரியாவிடின் தொடர் முழுவதும் நழுவிவிடும். இரண்டாவதில் நான்கு சிறு தொடர்கள். ஒவ்வொன்றும் ஒரு செயலையோ ஒரு செய்தியையோ சொல்கிறது. இது கொச்சையும் அன்று. பிழையற்ற எழுத்துத் தமிழே. ஆனால் உரக்கப் படிக்கும்போது ஐந்தாம் வகுப்போடு நின்ற தாய்க்கும் காதால் கேட்கும் பாட்டிக்கும் ஒருசேரப் புரிகிறது.

4.3 கலைச்சொற்கள். அன்றாட வழக்கில் ஒரு பொருளும் பாடத்தில் வேறு பொருளும் தரும் சொற்கள், முற்றிலும் அறியாத சொற்களைவிட மிகுதியாக மயங்கவைக்கின்றன. அறியாத சொல்லைக் கண்டால் வினவத் தோன்றும்; அறிந்த சொல்லைக் கண்டால் தோன்றாது. 'நிறை', 'எடை' ஆகிய இரண்டையும் இயற்பியல் வேறுபடுத்துகிறது. வீட்டில் இரண்டிற்கும் 'வெயிட்டு' ஒன்றே. 'விசை' என்பது தள்ளுதலோ இழுத்தலோ ஆகிய ஆற்றலா, மின்விளக்கை ஏற்றும் பொத்தானா என்பது வீட்டில் தெளிவாவதில்லை.

இவ்வகையில் பின்னங்களின் பெயரீடு சிறப்பாக நோக்கத்தக்கது. 3/4 என்னும் பின்னத்தில் மேலுள்ள 3 தமிழில் தொகுதி. கீழுள்ள 4 பகுதி. அன்றாடத் தமிழில் 'பகுதி' என்றால் முழுமையின் ஒரு கூறு. நான்கில் மூன்று கூறு எடுத்துக்கொண்டதாகச் சொல்லும்போது, எடுத்த கூறாகிய 3ஐத்தான் பகுதி என்று யாரும் எண்ணுவர். இந்தியில் மேலுள்ள எண்ணுக்கு 'அம்ஷ்' என்றும் கீழுள்ள எண்ணுக்கு 'ஹர்' என்றும் பெயர். 'அம்ஷ்' என்னும் சொல்லின் பொருளும் கூறு, பகுதி என்பதே. ஆக, பொருளளவில் ஒத்த இரு சொற்கள், இந்தியில் மேலெண்ணையும் தமிழில் கீழெண்ணையும் குறிக்கின்றன. இந்திவழியில் படிக்கும் தங்கைக்குத் தமிழ்வழியில் படித்த அண்ணன் கணக்குச் சொல்லிக் கொடுத்தால், 'அம்ஷ்' என்பதைப் 'பகுதி' என அகராதி முறைப்படி பெயர்த்துத் தலைகீழாக்கிவிட வாய்ப்புண்டு. பிழை அவனுடைய அறியாமையால் நேர்வதன்று. அவன் இரு மொழியும் அறிந்திருப்பதாலேயே நேர்வது. பள்ளியில் ஆசிரியர் ஒரு நொடியில் திருத்திவிடும் இம்மயக்கம், பள்ளி இல்லாதபோது மாதக் கணக்கில் நிலைத்துவிடக்கூடும்.

4.4 இந்தியின் இரு நிலைகள். தீவுக் குழந்தைகளுக்கு இந்தி நன்கு தெரியும், ஆகவே இந்திவழிப் பாடத்தில் இடர்ப்பாடு இராது எனக் கருதுவது பொருந்தாது. தெருவில் 'சவால்', 'ஜவாப்' என வழங்குவன பாடநூலில் 'ப்ரஷ்ன்', 'உத்தர்' ஆகின்றன. 'ஃபோட்டோ' அல்லது 'தஸ்வீர்' என்பது 'சித்ர' ஆகிறது. ஜிம் கம்மின்ஸ் உரையாடல் மொழித்திறனையும் கல்விசார் மொழித்திறனையும் பிரித்துக் காட்டியது இங்கு நினைவுகூரத்தக்கது. முன்னது விரைவில் வாய்க்கிறது. பின்னது வாய்க்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. சரளமாகப் பேசும் குழந்தையின் எழுத்து மொழி தடுமாறும்போது, அதனைச் சோம்பல் எனவோ மந்தம் எனவோ கொள்வது எளிது. அக்கணிப்பு மதிப்பெண்ணாகவும் வகுப்பு நிலையாகவும் மாறி மாணவரைத் தொடர்ந்து வருகிறது என்பதாலேயே இச்சிக்கல் மொழியியலோடு நின்றுவிடாத ஒன்றாகிறது.

5. மூவகை இல்லங்கள்

மேற்கூறியவற்றைக் கொண்டு மாயாபந்தர் போன்ற ஊரில் தமிழ் இல்லங்களை மூவகையாகப் பகுத்து நோக்கலாம். இவை விளக்கத்தின் பொருட்டு அமைத்துக்கொண்ட வகைகள். நடைமுறையில் ஒன்றோடொன்று கலந்து வருவன.

முதல் வகை: குழந்தை தமிழ்வழியில் பயில்கிறது, பெற்றோரும் தமிழில் எழுதப் படிக்க அறிந்தவர்கள். இங்கு இடர்ப்பாடு இரட்டை வழக்கினால் வருவது மட்டுமே. பணித்தாளின் மொழி எளிதானால் இல்லம் உடனே துணையாகிவிடும்.

இரண்டாம் வகை: குழந்தை இந்தியிலோ ஆங்கிலத்திலோ பயில்கிறது, பெற்றோர் தமிழில் மட்டும் எழுத்தறிவு பெற்றவர்கள். 1968 முதல் இருமொழிக் கொள்கை நிலவும் தமிழ்நாட்டில் பள்ளிக்குச் சென்று, பின்பு தீவிற்கு வந்த தாய் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கலாம். தீவில் சில ஆண்டுகள் வாழ்ந்து இந்தி பேசவும் கற்றிருக்கலாம். ஆயின் தேவநாகரி எழுத்து அவருக்குத் தெரியாது. குழந்தையின் இந்திப் பணித்தாளின் முன் அவர் எழுத்தறியாதவராகவே நிற்கிறார். பெற்றோர் கல்வியைப் படித்த ஆண்டுகளால் அளக்கும் ஆய்வுகள் இத்தாயை உயர் கல்விப் பிரிவில் சேர்க்கும். வீட்டில் நிகழ்வதோ அதற்கு மாறானது. எத்தனை ஆண்டுகள் படித்தார் என்பதோடு எந்த மொழியில், எந்த எழுத்தில் படித்தார் என்பதும் கேட்கப்பட்டாலன்றி இவ்வுண்மை வெளிப்படாது. வெபியில் கரேன் மொழியில் எழுதப் படிக்க அறிந்த பெரியவர்க்கும், வங்காளத்தில் மட்டும் படித்த பெரியவர்க்கும் இது பொருந்தும்.

மூன்றாம் வகை: பெற்றோர் எம்மொழியிலும் எழுத்தறிவு பெறாதவர்கள்; ஆனால் தமிழும் தீவு இந்தியும் பேசுவோர். இவ்வில்லங்களில் வாய்மொழி அறிவு நிறைந்திருக்கும். மீன் வகைகள், ஏற்ற இறக்க நீரோட்டம், பாக்கு தென்னைப் பயிர்கள், கூலிக் கணக்கு ஆகியவற்றில் அவர்களது அறிவு செறிவானது. பணித்தாள் எழுத்தை மட்டும் வேண்டுவதால் அவ்வறிவு பயன்படாமற் போகிறது.

பின்னிரு வகைகளிலும் மொழிபெயர்ப்பாளராக அமைவது மூத்த பிள்ளை. தம்பி தங்கையரின் பாடத்தைப் படித்துக் காட்டுதல், ஆசிரியர் அனுப்பிய செய்தியைப் பெற்றோர்க்குத் தமிழில் சொல்லுதல், பெற்றோரின் மறுமொழியை இந்தியில் எழுதி அனுப்புதல் ஆகியன அப்பிள்ளையின் மேல் விழுகின்றன. அப்பிள்ளைக்கும் சொந்தப் பாடம் உண்டு. வீட்டு வேலையும் தன் பங்காக ஏற்கும் அக்காளாக இருப்பின் சுமை மும்மடங்காகும்.

6. இழப்பும் மீட்பும்: தமிழ்நாட்டுச் சான்று

வீட்டு மொழிக்கும் பள்ளி மொழிக்கும் உள்ள உறவு கற்றலை எவ்வாறு பாதிக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்து மறைமுகச் சான்று ஒன்று கிடைக்கிறது. அபிஜீத் சிங், மௌரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளீதரன் ஆகியோர், 2019இல் தமிழக ஊரகங்களில் ஆய்ந்த குழந்தைகளின் கற்றல் நிலையை, 2021 டிசம்பரில் அதே ஊர்களில் அதே வயதுக் குழந்தைகளின் நிலையோடு ஒப்பிட்டனர். கணிதத்தில் இழப்பு ஏறத்தாழ 0.7 திட்டவிலக்கம், மொழியில் 0.34 திட்டவிலக்கம். அதாவது மொழியில் நேர்ந்த இழப்பு கணிதத்தில் நேர்ந்ததில் ஏறக்குறையப் பாதி.

இவ்வேறுபாட்டிற்குப் பல காரணங்கள் இருத்தல் கூடும். அவற்றுள் ஒன்றாக, பள்ளி மூடினும் தமிழ் மூடப்படவில்லை என்பதைக் கொள்ளலாம். வீடு, தெரு, தொலைக்காட்சி, சுவரெழுத்து ஆகிய எல்லாம் தமிழாக இருந்தமையால் மொழிக் கல்வி ஓரளவு தானே தொடர்ந்தது. கணிதத்தின் மொழிக்கு அத்தகைய புறத்துணை இல்லை. இக்கருத்து ஏற்கப்படுமாயின், மாயாபந்தரில் இந்திவழியில் பயிலும் தமிழ்க் குழந்தைக்கும், தமிழ்வழியில் பயின்று தெருவில் இந்தியே கேட்கும் குழந்தைக்கும் மொழிப் பாடத்திலும் அப்புறத்துணை குறைவு எனக் கருதுதல் பொருந்தும். இது நேரடியாகச் சோதித்தறியத்தக்க கருதுகோள்.

அவ்வாய்வின் மற்றொரு முடிவு நம்பிக்கை தருவது. பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் இழப்பின் மூன்றில் இரு பங்கு ஈடுசெய்யப்பட்டது. இழப்பு பின்தங்கிய குடும்பத்துக் குழந்தைகளிடம் மிகுதியாக இருந்தது. மீட்பும் அவர்களிடமே விரைவாக இருந்தது. 2021 அக்டோபர் 27 அன்று தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டம் அம்மீட்பில் ஏறத்தாழ 24 விழுக்காட்டிற்குக் காரணமாயிற்று. குடியிருப்புக்கு அருகிலேயே, அவ்வூர்த் தன்னார்வலர் மாலை நேரத்தில் கற்பித்தமை அத்திட்டத்தின் தனித்தன்மை. மொழி நோக்கில், குழந்தையின் பேச்சு வழக்கை அறிந்த ஒருவர் பாடத்திற்கு உரை சொன்னார் என்று அதனைக் கொள்ளலாம்.

7. மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கன

7.1 கட்டளைகளை இருமுறை தருதல். பாடப் பகுதி செந்தமிழிலேயே இருக்க, செய்யவேண்டிய வேலையைச் சொல்லும் வரியை மட்டும் 4.2இல் காட்டிய (ஆ) போன்ற சிறு தொடர்களால் மீண்டும் தருதல் போதும். எளிமையாக்கினால் மொழித்தரம் தாழும் என்னும் ஐயம் இவண் எழலாம். செய்யுளுக்குப் பொழிப்புரை எழுதியதால் செய்யுள் தாழவில்லை. பொழிப்புரையே படிப்போரைச் செய்யுளுக்கு அழைத்துச் சென்றது. செந்தமிழ்க் கட்டளையும் அதன் எளிய வடிவமும் அருகருகே நிற்கும்போது முன்னதைக் குழந்தை நாளடைவில் கற்றுக்கொள்ளும்.

7.2 தமிழ் எழுத்தில் இந்திச் சொற்கள். இரண்டாம் வகை இல்லங்களுக்கு, பாடத்தின் முதன்மைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்து, எதிரே தமிழ்ப் பொருளைத் தந்தால், தாய் அவற்றைப் படித்துக் குழந்தையோடு உரையாட இயலும். தமிழ் எழுத்தில் வருக்க ஒலி வேறுபாடு இல்லாமையால் 'கர்' என்னும் வடிவம் 'செய்' எனவும் 'வீடு' எனவும் மயங்கும் என்பது மெய்யே. ஆனால் அவ்வொலிகள் குழந்தைக்குத் தெரியும். தாய் படிக்க, குழந்தை திருத்த, இருவரும் கற்கும் நிலை உண்டாகும். இப்பட்டியலில் 'அம்ஷ் – தொகுதி. ஹர் – பகுதி' என்பன போன்ற இணைகள் அகராதிப் பொருளால் அன்றிப் பாடப் பொருளால் தரப்படல் வேண்டும்.

7.3 கேட்டற்கு உரியதாக எழுதுதல். மூன்றாம் வகை இல்லங்களுக்கு ஒலிப்பதிவோ வானொலியோ தொலைபேசி அழைப்போதான் வழி. எழுதியதைப் படித்தால் அது ஒலிப்பாடம் ஆகிவிடாது. எழுவாய் முன்னும் பயனிலை நெடுந்தொலைவு பின்னும் நிற்கும் தொடரைக் காது தாங்காது. ஒரு தொடருக்கு ஒரு செயல் என்னும் அளவை இங்குப் பின்பற்றத்தக்கது.

7.4 இல்லத்து அறிவை வேண்டும் பணிகள். வீட்டிலுள்ள பெரியவரிடம் ஐந்து மீன்களின் பெயரைத் தமிழிலும் இந்தியிலும், பக்கத்து வீட்டாரிடம் வங்காளத்திலோ கரேன் மொழியிலோ கேட்டு எழுதி வருமாறு பணிக்கலாம். எழுத்தறியாத தந்தையும் இதில் ஆசிரியராகிறார். மாணவருக்கு மொழி ஒப்பீட்டின் முதற்பாடமும் அதுவே.

7.5 திருப்பிச் சொல்லும் சோதனை. பணித்தாள் அச்சேறுமுன், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவரிடம் அதனை உரக்கப் படிக்கச் செய்து, என்ன செய்யும்படி சொல்லியிருக்கிறது என வினவுதல் வேண்டும். அவர் திருப்பிச் சொல்ல இயலாத வரியை மாற்றி எழுதவேண்டும். மொழிபெயர்ப்பின் தகுதியை அளக்க இதனினும் எளிய முறை இல்லை எனலாம்.

8. முடிவுரை

மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்தல் வேண்டும் என அரசமைப்பின் 350அ உறுப்பு 1956 முதல் கூறி வருகிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும், பள்ளிகள் மூடியிருந்த 2020 ஜூலை மாதத்திலேயே வெளிவந்த தேசியக் கல்விக் கொள்கையும் அதனை இயன்றவரை வலியுறுத்துகின்றன. இவை யாவும் பள்ளியில் எந்த மொழி என்பதைப் பற்றியன. பள்ளி மூடப்படும்போது எழும் வினா வேறு: பள்ளியின் மொழியை வீட்டில் யார் பெயர்த்துச் சொல்வது?

2021 நவம்பரில் நடைபெற்ற தேசிய அடைவு ஆய்வில், பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் கற்பதில் இடர்ப்பட்டதாகக் கூறிய மாணவர் 38 விழுக்காட்டினர். வீட்டில் மின்னணுக் கருவி இல்லாதவர் 24 விழுக்காட்டினர். கருவியின்மை ஒன்றே இடர்ப்பாடாயின் முன்னைய எண் இவ்வளவு மிகுந்திராது. இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட வெளியில், மொழித் தொலைவிற்கும் ஓரிடம் உண்டு என இக்கட்டுரை கருதுகிறது.

அந்தமான் தீவுகள் நிலநடுக்க வாய்ப்பு மிகுந்த மண்டலத்தில் உள்ளவை. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையைக் கண்டவை. புயலும் பெருமழையும் அறிந்தவை. பள்ளிகள் மீண்டும் மூடப்படும் நாள் வாராது எனக் கூற இயலாது. கம்பிவடமும் கருவியும் அரசின் பொறுப்பு. காலமும் பொருளும் வேண்டுவன. பணித்தாளின் ஒரு வரியைத் தாய்க்குப் புரியும்படி எழுதுதல் நம் பொறுப்பு. அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பள்ளி திறந்திருக்கும் இக்காலமே அவ்வரிகளை எழுதிச் சோதித்து வைத்துக்கொள்ளத் தக்க காலமாகும்.